பேசாத பிள்ளையின் தீபாவளி

(தலைப்பு: பண்டிகையின் பெருமை பழமை மாறாமல் கொண்டாடுவதிலே! வீட்டுக்கேற்ப மாற்றிக் கொண்டாடுவதிலே! இதில் இரண்டாம் அணியில் பேசியது.)

நடுவர் அய்யா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரணியிலே புத்தாடையும் புன்னகையுமாக உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! இந்த அரங்கத்திலும், வீட்டிலே முறுக்கைக் கடித்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னாலே பேசிய எதிரணி அண்ணன் அடுக்கினார் பாருங்க, அசந்து போயிட்டேன். விடியக்காலை நாலு மணிக்கு எழுந்திரிக்கணுமாம். தலை நிறைய எண்ணெயாம். கொதிக்கக் கொதிக்க வெந்நீராம். மொடமொடன்னு புதுத்துணி, வாசல்ல சரவெடி, வீடு நிறைய சொந்தம், வாய் நிறைய இனிப்பு. இதிலே ஒன்று குறைந்தாலும் அது தீபாவளியே இல்லை என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நான் எதிரணி என்பதை மறந்து நானும் தட்டினேன். (சிரிப்பு)

அண்ணே, நீங்க சொன்ன அத்தனையும் எங்க வீட்டிலேயும் உண்டு. ஆனால் எங்க வீட்டிலே ஒரு பிள்ளை அதை எப்படி அனுபவிக்கிறான் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் ஒரு தமிழாசிரியை. பேச்சுதான் எனக்குச் சோறு போடுகிறது. என் மகன் 2012-இல் பிறந்தவன். அவன் பேசமாட்டான்.

காது நன்றாகக் கேட்கும். நாக்கிலே ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு சொல் வராது. ஆட்டிசம் என்றார்கள். தமிழிலே மதியிறுக்கம் என்று ஒரு பெயர், தன்முனைப்புக் குறைபாடு என்று இன்னொரு பெயர். தமிழாசிரியை என்ற முறையிலே சொல்கிறேன், இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு மதி இறுகவும் இல்லை, அவனிடம் ஒரு முனைப்பும் குறையவில்லை. பிஸ்கட் டப்பாவை எந்தப் பரணிலே ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவான். (சிரிப்பு)

பட்டிமன்ற மேடையிலே ஏறினால் ஒரு குறளாவது சொல்லவேண்டும் என்பது எழுதாத சட்டம். நடுவர் அய்யாவும் எதிர்பார்ப்பார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்தவள் மக்கட்பேறு அதிகாரத்துக்குத்தான் போகவேண்டும். அதிலே மழலையைப் பற்றி ஒரு குறள் இருக்கிறது. உங்கள் எல்லோருக்கும் தெரியும். வகுப்பிலே அதை நடத்தும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் நடத்துவேன். அதனால் இந்த மேடையிலே அந்தக் குறளை நான் சொல்லவில்லை. மன்னிக்கணும்.

(நடுவர்: சொல்லவேண்டாம்மா. மேலே சொல்லுங்க.)

1943-ஆம் வருடம் அமெரிக்காவிலே பால்டிமோர் நகரத்திலே லியோ கானர் என்று ஒரு மருத்துவர். பதினொரு பிள்ளைகளைக் கவனித்து ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் பற்றிய பேச்சு மருத்துவ உலகத்திலே பரவியது அதற்கப்புறம்தான். அந்தப் பிள்ளைகளிடம் அவர் முக்கியமாகக் கண்டது என்ன தெரியுமா? எல்லாம் நேற்று இருந்தபடியே இன்றைக்கும் இருக்கவேண்டும். வீட்டிலே நாற்காலி இடம் மாறினால்கூட அவர்களாலே தாங்க முடியவில்லை.

அப்படிப் பார்த்தால் எதிரணிக்குத் தலைவராக உட்காரவேண்டியவன் என் மகன்தான்! 'எதையும் மாற்றாதே' என்பதுதானே அவன் கொள்கையும். (சிரிப்பு, கைதட்டல்) ஆனால் ஒரு வித்தியாசம் அண்ணே. நீங்க வருஷத்திலே ஒரு நாள் மாறக்கூடாது என்கிறீர்கள். அவன் 365 நாளும் மாறக்கூடாது என்கிறான். பண்டிகை என்றால் என்ன? மற்ற நாள் மாதிரி இல்லாத நாள். அதுதான் நமக்கு அதிலே இருக்கிற சுகம். அதுதான் அவனுக்கு அதிலே இருக்கிற துன்பம்.

எழுப்புகிற நேரம் வேறே. இட்லிக்குப் பதிலாக இலையிலே ஏதேதோ. அப்பா ஆபீஸ் போகவில்லை. தினம் கதவு திறந்தால் தெரு, இன்றைக்குத் திறந்தால் புகை. சரி, தொலைக்காட்சியாவது வழக்கம்போல இருக்குமே என்று அதற்கு முன்னாலே போய் உட்காருவான். தினமும் அந்த நேரத்துக்கு வருகிற நிகழ்ச்சி வராது. என்ன வரும்? நம்ம பட்டிமன்றம் வரும்! (பலத்த சிரிப்பு) நடுவர் அய்யா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டாலே எங்க வீட்டிலே ஒருத்தன் ரிமோட்டைத் தூக்கி எறிகிறான்.

(நடுவர்: அவன் மட்டுமாம்மா எறியறான்? நிறைய வீட்டிலே நடக்குது!) (பலத்த சிரிப்பு)

இப்போ சிரிக்கிறேன். 2017 தீபாவளிக்குச் சிரிக்கவில்லை.

என் கணவருடைய ஊர் சிவகங்கை மாவட்டத்திலே திருப்பத்தூர்ப் பக்கம். அவனுக்கு அப்போ ஐந்து வயது. நாலு மணிக்கு எழுப்பினோம். எண்ணெய் வைத்தபோதே அலறினான். எண்ணெய் வழிகிறது என்றால் நமக்கு அது குளுமை. அவனுக்குத் தோலிலே ஏதோ ஊர்கிறது. ஆனாலும் விடுவோமா? நல்ல நாள் ஆச்சே! இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஒருத்தர் தேய்த்தோம். அப்புறம் புதுச்சட்டை. கஞ்சி வாடையும் கழுத்துப் பட்டியிலே தைத்த சீட்டுமாக. போட்டுவிட்டால் கழற்றுவான். மறுபடி போடுவோம். மூணாவது தடவை பொத்தானைப் பிய்த்தே எறிந்தான். "புது டிரெஸ்ஸைப் பார்த்து அழுகிற பிள்ளையை இப்பத்தாண்டி பாக்கறேன்" என்று ஒரு சொந்தக்காரம்மா சொன்னார்கள். எனக்கு அவமானம். யார் முன்னாலே? வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற ஆட்கள் முன்னாலே.

வாசலிலே பத்தாயிரம் வாலா வைத்தார்கள். அது வெடித்து ஓய்ந்த பிறகு பார்க்கிறோம், பிள்ளையைக் காணோம்.

தாய்மார்களே, பேசுகிற பிள்ளை காணாமல் போனால் பேரைச் சொல்லிக் கூப்பிடலாம், 'அம்மா' என்று பதில் வரும். பேசாத பிள்ளை காணாமல் போனால் ஊரே கூப்பிட்டாலும் பதில் வராது. தெருத்தெருவாக ஓடினோம். என் மாமனார் கிணற்றை எட்டிப் பார்த்தார். வளைந்த அந்த முதுகை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்குள்ளேயே கிடைத்தான். பின்கட்டு அறையிலே இரண்டு நெல் மூட்டைக்கு நடுவிலே தன்னைச் செருகிக்கொண்டு கிடக்கிறான். இழுத்தேன். முதுகிலே ஓங்கி அடித்தேன். அத்தனை பேர் பார்க்க அடித்தேன். ஒரு அம்மா சொல்லக்கூடாத சொல்லும் ஒன்று சொன்னேன். அதை இங்கே சொல்லமாட்டேன்.

அவன் திருப்பி அடிக்கவில்லை. அடித்த என் கையைப் பிடித்தான். பிடித்து இழுத்துத் தன் காதின் மேலே வைத்து அழுத்திக்கொண்டான். இன்னொரு கையையும் இழுத்து இன்னொரு காதிலே வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

(அரங்கில் அமைதி)

ஐந்து வருஷமாக என் பிள்ளை என்னிடம் பேசவில்லை என்று அழுதுகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, அவன் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அதற்கப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். டெம்பிள் கிராண்டின் என்று ஒரு அம்மையார், 1947-இல் பிறந்தவர். மூன்றரை வயது வரைக்கும் பேச்சே வராதவர். பிற்பாடு கால்நடை அறிவியலிலே பேராசிரியர் ஆனார். திடீர்ச் சத்தம் தனக்கு உடம்பு வலியாகவே இருந்தது என்று எழுதியிருக்கிறார். சின்ன வயதிலே ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நல்ல உடுப்பு போட்டு அழைத்துப் போவார்களாம். அந்த உடுப்பு அரிக்கும், உறுத்தும். அதனாலேயே அங்கே போய்க் குறும்பு செய்வாராம். பார்த்தவர்களுக்கு அது குறும்பு. அவருக்கு அது தோல் எரிச்சல். அதைப் படித்தபோது நான் பொத்தானை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார். மாடுகளுக்கு ஊசி போடும்போது இரண்டு பக்கமும் பலகை வைத்து அணைத்து நிறுத்துவார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தனக்கென்று அதே மாதிரி ஒரு அமுக்குப் பொறி செய்துகொண்டார். அழுத்தம் கிடைத்தால் பதற்றம் அடங்குகிறது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். இரண்டு நெல் மூட்டை! ஒரு பேராசிரியை கண்டுபிடித்ததை என் ஐந்து வயசுப் பிள்ளை இருட்டு அறையிலே தானே கண்டுபிடித்திருக்கிறான். அதற்கு நான் கொடுத்த பரிசு அடி.

எதிரணித் தோழி ஒருவர் கேட்கலாம், 'சத்தம் ஆகாது என்கிறீர்களே, இந்தப் பிள்ளைகள் சில நேரம் தாங்களே சத்தம் போடுகிறார்களே' என்று. நியாயமான கேள்வி. என் மகன் கிரைண்டர் ஓடினால் அதிலே காதை வைத்துக் கேட்பான். ஊர்ப் பட்டாசுக்கு ஓடுகிறவன் வீட்டுக் கிரைண்டருக்கு ரசிகன்! நானும் குழம்பினேன். அப்புறம் புரிந்தது. கிரைண்டர் சத்தம் ஒரே சீர். சுவிட்சைப் போட்டவனே அவன்தான், எப்போது வரும், எப்போது நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். வெடி எந்த வினாடி, எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்? நாலு மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலுக்கு மேல் வெடிக்கிற பட்டாசைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த அளவே சாதாரணக் காதுக்கு ஜாஸ்தி. அவன் காதுக்கு ஒரு வெடி போதும், அடுத்த வெடிக்காகக் காத்திருப்பதிலேயே நாள் முழுக்கப் போய்விடும்.

சரி, இதை எங்கள் வீட்டிலே முதலில் புரிந்துகொண்டது யார்? நானா? படித்த என் வீட்டுக்காரரா? இல்லை. என் மாமியார்!

பட்டிமன்றத்திலே ஒரு மருமகள் மாமியாரைப் புகழ்வது இதுதான் முதல் தடவையாக இருக்கும். (சிரிப்பு, பலத்த கைதட்டல்) தட்டுங்க, நல்லாத் தட்டுங்க, அத்தை முன்வரிசையிலேதான் உட்கார்ந்திருக்காங்க.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலே கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு கிராமம். அங்கே கண்மாயிலே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-இல் சரணாலயம் ஆனது. மழைக்காலத்திலே பறவைகள் வந்து கூடு கட்டும். பறவை மிரண்டுவிடக் கூடாதே என்று அந்த ஊர்க்காரர்கள் பல பத்து வருஷமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதே இல்லை. போலீஸ் வந்து தடுக்கவில்லை. அவர்களாகவே விட்டுவிட்டார்கள்.

2018-இலே என் நாத்தனார் பிள்ளைகளுக்காக வெடிப்பெட்டி வாங்கப் பேச்சு நடந்தபோது அத்தை சொன்னார்கள்: "கொள்ளுக்குடிப்பட்டிக்காரன் எங்கிருந்தோ வர்ற பட்சிக்காக விட்டுட்டான். நான் பெத்தவன் பெத்த பிள்ளைக்கு நீங்க விடமாட்டீங்களா?" அவ்வளவுதான். மத்தாப்பும் சங்குசக்கரமும் மட்டும் வாங்கினோம். அண்ணே, கொள்ளுக்குடிப்பட்டியிலே வெடி இல்லை. அதனாலே அங்கே தீபாவளியும் இல்லை என்று நீங்க போய்ச் சொல்லிட்டு வர முடியுமா? (கைதட்டல்)

தெரு வெடியை என்ன செய்வது? அந்த வருஷம்தான் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்றது. நம் மாநிலத்திலே காலை 6-இலிருந்து 7, மாலை 7-இலிருந்து 8 என்று வகுத்தார்கள். ஊரெல்லாம் திட்டினார்கள். எனக்கு அது வரம். ஏன் என்றால், எப்போது வரும் என்று சொல்லிவிட்டார்களே! கடிகாரப் படம் வரைந்து, முள் இங்கே வந்தால் சத்தம், இங்கே வந்தால் முடிந்தது என்று காட்டினேன். யாரும் அந்த நேரத்தோடு நிறுத்தவில்லை, அது வேறே கதை. ஆனாலும் பெரிய சத்தம் அந்த நேரத்திலேதான். மில்லிலே வேலை பார்க்கிறவர்கள் மாட்டுகிற காதுமூடி ஒன்றை என் தம்பி வாங்கி வந்தான். கனமான சமுக்காளம் ஒன்று. நெல் மூட்டைக்குப் பதிலாக.

சட்டையை ஒரு மாதம் முன்னாலேயே வாங்கிவிடுவோம். அத்தை அதைப் பத்து தடவை துவைத்து, சீட்டை வெட்டி, அவனுடைய பழைய சட்டைகளோடு கொடியிலே போட்டு வைப்பார்கள். தீபாவளி அன்றைக்கு அது புதுச்சட்டை இல்லை, தெரிந்த சட்டை. மஞ்சள் தடவுவது மட்டும் நிற்கவில்லை. உள்பக்கமாக, தோலிலே படாத இடத்திலே. சம்பிரதாயத்தை விட்டாங்களா பாருங்க!

இன்னொன்று, படம். பேசாத பிள்ளைகள் படத்தைக் கொடுத்துக் கேட்கிற முறை ஒன்றை 1985-இலேயே அமெரிக்காவிலே டெலவர் மாநிலத்திலே உருவாக்கினார்கள். இப்போது சென்னையிலேயே செய்த ஆவாஸ் என்கிற செயலி வந்திருக்கிறது. படத்தைத் தொட்டால் தமிழிலே பேசும். எங்க வீட்டிலே இரண்டும் உண்டு. ஆனால் அவனுக்குப் பிடித்தது அட்டைதான். எங்கள் கல்யாண ஆல்பத்தைக் காலி செய்து அதிலே அட்டைகளை வைத்திருக்கிறோம். கல்யாண போட்டோ எல்லாம் பரணுக்குப் போய்விட்டது. வீட்டுக்காரருக்கு அதிலே ஒன்றும் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. (சிரிப்பு)

2020 தீபாவளியை நினைவு வைத்திருப்பீர்கள். கொரோனா. எங்கள் வீட்டுக்கு யாருமே வரவில்லை. அத்தை அழுதார்கள், நான் பெருமூச்சு விட்டேன். அவன் மட்டும் அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தான். அதே விளக்கு, அதே அதிரசம், அதே வீடு. அப்போதுதான் தோன்றியது, இவனுக்குத் தீபாவளி பிடிக்காது என்று நாமாக முடிவு கட்டிவிட்டோமே, இவனுக்குப் பிடிக்காதது தீபாவளி இல்லையே! ஒரே நாளிலே அத்தனையையும் அவன் தலையிலே கொட்டுவதுதானே! இனிமேல் சொந்தக்காரர்களை ஒரே நாளிலே கூப்பிடாமல் ஒரு வாரத்துக்குப் பிரித்துக் கூப்பிடுவது என்று வைத்தோம். இரண்டு பேர், மூன்று பேராக. வருகிறவர்களின் போட்டோவை முதல் நாளே அவனுக்குக் காட்டிவிடுவோம். எங்கள் வீட்டிலே தீபாவளி ஏழு நாள். எதிரணிக்கு ஒரே நாள்தான். யாருக்கு நஷ்டம்? (கைதட்டல்)

சொந்தக்காரர்கள் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். பேசமாட்டான் என்றால் கேட்கவும் மாட்டான், புரியவும் புரியாது என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அவனை நடுவிலே வைத்துக்கொண்டே அவனைப் பற்றிப் பேசுவார்கள். 2022-இலே ஒரு பெரியம்மா முறை, பலகாரத்தைக் கையிலே வைத்துக்கொண்டு சொன்னார்கள்: "பண்டிகையும் அதுவுமா இந்தப் பிள்ளையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே? பாவம், அதுக்கு என்ன தெரியும்!"

அவன் எழுந்து போனான். வாசலுக்குப் போனான். வரிசையாகக் கிடந்த பதினைந்து ஜோடி செருப்பிலே சரியாக அந்தப் பெரியம்மாவின் செருப்பை எடுத்தான். கொண்டுவந்து அவர்கள் காலடியிலே ஜோடியாக வைத்தான். அப்புறம் அவர்கள் கைப்பையை எடுத்து மடியிலே வைத்தான். (பலத்த சிரிப்பு, நெடுநேரம் கைதட்டல்)

நடுவர் அய்யா, நானும் இருபது வருஷமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு தெளிவாக என்னாலே ஒரு வாக்கியம் பேச முடியாது. பெரியம்மா நல்லவர்கள், அவர்களே சிரித்துவிட்டார்கள். இப்போது வந்தால் அவன் முகத்தைப் பார்த்து "வரட்டுமாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். கன்னத்தைக் கிள்ளுவதில்லை.

அவனுக்குச் சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் தோள் உயரத்திலே வைத்துப் படபடவென்று அடித்துக்கொள்வான், சிறகு மாதிரி. முன்னெல்லாம் நாலு பேர் முன்னாலே அப்படிச் செய்தால் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவேன். பொங்கலன்றைக்குப் பால் பொங்கி வழியும்போது செய்வான். நாம் 'பொங்கலோ பொங்கல்' என்று வாயாலே கத்துகிறோம், அவன் கையாலே கத்துகிறான். இப்போது இறக்கிவிடுவதில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று நடுவர் மணியைப் பார்க்கிறார்கள். 2024 தீபாவளியைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சாயங்காலம் ஆறே முக்காலுக்கு அவனே கடிகாரத்தைப் பார்த்தான். அவனே காதுமூடியை எடுத்து மாட்டிக்கொண்டான். சமுக்காளத்தை இழுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் பின்னாலே போனேன், வெளியே தள்ளிவிட்டான். வெளியிலே படபடவென்று வெடிக்கிறது. எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. எட்டு மணி ஆயிற்று. எட்டே கால். எட்டரை. தெரு அடங்கியது. கதவு திறந்தது.

ஆல்பத்தை எடுத்துவந்து பாட்டியிடம் ஒரு அட்டையை நீட்டினான். கம்பி மத்தாப்பு. அத்தை பக்கத்திலே வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, கையை எட்ட நீட்டி ஒன்றைக் கொளுத்தினார்கள். வாசற்படியிலே நின்று பார்த்தான். கை சிறகடித்தது. அது அணைந்ததும் இன்னொரு அட்டையைத் தேடி எடுத்து நீட்டினான். 'இன்னும்' என்கிற அட்டை. அத்தை இன்னொன்று கொளுத்தினார்கள். மறுபடி 'இன்னும்'. மறுபடி. மூன்று பெட்டி தீரும்வரைக்கும் நீட்டினான்.

அப்போது மணி ஒன்பதரை. எட்டு மணிக்கு மேலே கொளுத்தக் கூடாது என்பது சட்டம். நடுவர் அய்யா அவர்களே, அந்தக் குற்றத்தை என் மாமியார் செய்தார்கள், நான் பெட்டி எடுத்துக்கொடுத்தேன் என்பதை இந்த மேடையிலே ஒப்புக்கொண்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)